ஹுட்ஹுட்டும் பாசியோனும்: லூசோனின் இரு நெடும்பாடல்கள்

ஸ்பானிய ஆட்சியில் பிலிப்பைன்ஸின் வாய்மொழி மரபு அடியோடு அழிந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. லூசோன் தீவின் இரு நெடும்பாடல்களை ஒப்பிட்டால் அக்கூற்று பாதி உண்மையே என்பது தெரியும்.

வட லூசோனின் மலைப்பகுதியில் வாழும் இஃபுகாவோ மக்களின் ஹுட்ஹுட், அறுவடைக் காலத்திலும் இறந்தவர் வீட்டில் கண்விழிக்கும் இரவுகளிலும் பாடப்படுவது. பெரும்பாலும் மூத்த பெண் ஒருவர் முன்னின்று பாட, மற்றவர்கள் சேர்ந்திசைக்கிறார்கள். அலிகுயோன் போன்ற வீரர்களின் கதைகளைச் சொல்லும் இப்பாடல் பிழைத்ததற்கு மலையே முதன்மையான காரணம். ஸ்பானியரின் பிடி அங்கே உறுதியாக வேரூன்றவில்லை. யுனெஸ்கோ 2001இல் இதனைச் சிறப்பித்து அறிவித்தது.

சமவெளியில் நிலைமை வேறு. 1593இல் மணிலாவில் அச்சான தொடக்க நூல்களுள் ஒன்று கிறித்தவ மறைக்கல்வி நூல் என்பதே ஆட்சியாளர்களின் நோக்கத்தைக் காட்டுகிறது. 1704இல் காஸ்பர் அக்கினோ டி பெலன் தகலோக் மொழியில் இயற்றிய பாசியோன், இயேசுவின் பாடுகளை அடிக்கு எட்டு அசைகள் கொண்ட ஐந்தடிச் செய்யுள்களில் சொல்கிறது. தவக்காலத்தில் ஊரார் கூடி இதுபோன்ற பாசியோன்களை மணிக்கணக்கில் ஓதினார்கள், இன்றும் ஓதுகிறார்கள். கூடிப் பாடும் பழைய வழக்கமே இங்கு புதிய பொருளை ஏற்றது என்பது என் கருத்து. அடக்குமுறை, தியாகம், மீட்பு ஆகியவற்றைப் பற்றிப் பேச எளிய மக்களுக்குப் பாசியோன் ஒரு மொழியைத் தந்தது என்றும், ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான 1896ஆம் ஆண்டுப் புரட்சியில் அம்மொழி எதிரொலித்தது என்றும் வரலாற்றாசிரியர் ரெய்னால்டோ இலெட்டோ வாதிட்டார்.

பழமையைத் தேடுபவர் ஹுட்ஹுட்டிலிருந்து தொடங்கலாம். காலனிய ஆட்சியில் இலக்கியம் உருமாறிய விதத்தை அறிய விரும்புபவருக்குப் பாசியோனையே பரிந்துரைப்பேன்.