கோஹாவில் சஞ்சிகைப் பதிவு: ஒரு வருஷம் பாவித்துப் பார்த்ததில்

ஹட்டன் பக்கம் எங்கள் வாசிகசாலைக்குப் பத்திரிகை, சஞ்சிகை எல்லாமாகப் பதினேழு வருகின்றன. அவற்றைப் பதிய இவ்வளவு காலமும் ஒரு சி.ஆர். கொப்பிதான். வந்தால் கட்டத்தில் சரி போடுவோம், வராவிட்டால் வெறுமையாக விடுவோம். சிக்கலே அந்த வெறும் கட்டங்களில்தான். 2022இல் கடதாசித் தட்டுப்பாடு வந்தபோது சில இதழ்கள் அச்சாகவே இல்லை, சில அச்சாகியும் பெற்றோல் பிரச்சினையில் மலை ஏறவில்லை, சிலவற்றை யாரோ சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டார்கள். கொப்பியில் மூன்றுக்கும் அதே வெறும் கட்டம். இப்போது பைண்டிங்குக்குக் கொடுக்கலாமென்று எடுத்து வைத்தால் எதைத் தேடுவது, எதை விடுவது என்று தெரியாமல் முழிக்கிறோம்.

அதனால்தான் கோஹா. நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய மென்பொருள் இது. பெயருக்கு மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று அர்த்தம், அதற்கேற்ப இலவசம். ஆனால் லினக்ஸ் இயங்குதளம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லையென்றால் நிறுவவே முடியாது. எங்களுக்கு ஒரு பழைய வாசகப் பையன் வாய்த்தான், இரண்டு போயா லீவை இதற்கே கொடுத்தான்.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு இதழ் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று கேட்கிறது. கிடைக்கவேயில்லை, விற்று முடிந்துவிட்டது, பழுதாகிவிட்டது, தொலைந்துவிட்டது, வெளியிடப்படவே இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிலை உண்டு. இதற்காகவே நான் இருபது வருஷமாகக் காத்திருந்த மாதிரி இருந்தது. எண் போடும் முறையையும் நாமே எழுதலாம். மலர், இதழ் என்று தமிழிலேயே தட்டி வைத்தோம், அடுத்தடுத்த இதழ்களுக்கு அதுவே எண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறது. 2000இல் கண்டியில் தொடங்கிய ஞானம் போலத் தொடர் எண்ணில் வருபவற்றுக்கு இன்னும் சுகம், ஒரே எண்தான். சேமிக்கும் முன்பே வரப்போகும் இதழ்களின் எண்ணும் திகதியும் சரியா என்று சோதித்துப் பார்க்க ஒரு பொத்தானும் இருக்கிறது. அதை அழுத்தாமல் சேமித்துவிடாதீர்கள், நான் ஒரு வாரப் பத்திரிகையை மாத இதழாகப் பதிந்து வைத்து அசடு வழிந்தேன்.

இனிக் குறைகள். நம்மூர்ச் சிற்றிதழ்கள் காசு சேர்ந்தால் வரும், சேராவிட்டால் இரண்டு மாதத்தைச் சேர்த்து இரட்டை இதழாக வரும். மாதம் தவறாத இதழ்களை நினைத்துச் செய்த கணக்கு அங்கே திணறுகிறது. ஒழுங்கற்றது என்று பதியலாம், ஆனால் பதிந்ததும் அடுத்த திகதியைச் சொல்வதை விட்டுவிடும். அப்புறம், ஒரு இதழை வந்தது, பிந்தியது, வரவில்லை என்று ஏதாவதொரு நிலைக்கு மாற்றினால்தான் அடுத்தது எதிர்பார்ப்பில் ஏறும். வராத மார்ச்சை அப்படியே விட்டிருக்கும்போது ஏப்ரல் வந்துவிட்டால் ஏப்ரலைப் பதிய இடம் தேடி அலைய வேண்டும். அடுத்ததை உருவாக்கும் பொத்தான் உண்டு, பிந்தியவற்றைத் தானே குறித்து அடுத்ததைப் போடும் நிரலும் உண்டு, ஆனால் அதைத் தினமும் ஓடும்படி நாம்தான் அமைக்க வேண்டும். எங்களுக்கு இது நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

விநியோகஸ்தரின் பெயரை முதலிலேயே சந்தாவோடு இணைத்துவிடுங்கள். இணைக்காவிட்டால் வராத இதழ்களைக் கேட்டுக் கடிதம் போடும் பக்கம் வெறுமையாகவே இருக்கும். கொழும்பில் எங்கள் ஏஜென்ட் ஒருவர் எப்போது கேட்டாலும் "அனுப்பியாச்சே ஐயா" என்பார், கொப்பியை வைத்துக்கொண்டு அவரோடு வாதாட முடிந்ததில்லை. போன நவம்பரில் ஆறு இதழின் எண், எதிர்பார்த்த திகதி, நாங்கள் கேட்டெழுதிய திகதி மூன்றையும் அச்சடித்து அனுப்பினோம். நாலு இதழ் பார்சலில் வந்தது, இரண்டுக்குச் சந்தாவை நீட்டித் தந்தார்.

சின்ன வாசிகசாலைக்கு இது தேவையா என்று கேட்டால், தினசரிகள் மட்டும் எடுப்பவர்களுக்குத் தேவையில்லை, கொப்பியே போதும். சஞ்சிகைகளைச் சேர்த்துக் கட்டி வைப்பவர்கள் கட்டாயம் போட்டுப் பார்க்கலாம். நாங்கள் கொப்பியையும் விடவில்லை. மழைக் காலத்தில் கரண்ட் போனால் அதில் எழுதி வைத்து மறுநாள் ஏற்றுகிறோம்.