ஒரே சூனியக்காரி, இரண்டு கோப்பைகள்

ஹோமரின் பழைய கிரேக்கக் காவியமான ஒடிசியில் வரும் சர்சி, மதுவில் மருந்து கலந்து ஆண்களைப் பன்றிகளாக்குபவள். ப்ரீ-ராஃபேலைட் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் குழுவின் மரபில் அவளை வரைந்தவர்களில் இருவரைப் பார்ப்போம்.

எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸின் நீர்வண்ண ஓவியம் 1869-இல் முடிந்தது. அதில் விருந்தாளிகள் இன்னும் வரவில்லை. சாளரத்துக்கு வெளியே கப்பல்கள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. மஞ்சள் உடையில் சர்சி குனிந்து, மதுவில் சொட்டுச் சொட்டாக விஷத்தை விடுகிறாள். முகத்தில் கோபமில்லை, அடுப்படி வேலையில் மூழ்கியவளைப் போல அத்தனை கவனம். காலடியில் இரண்டு கருஞ்சிறுத்தைகள். ஹோமர் சொன்னது ஓநாய்களும் சிங்கங்களும்தான், ஆனால் அந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் கறுப்பு என்னமாய் எடுபடுகிறது!

அப்புறம் ஜான் வில்லியம் வாட்டர்ஹவுஸின் ஓவியம், 1891. இவர் ப்ரீ-ராஃபேலைட் குழுவில் இருந்தவரில்லை. அது தொடங்கிய 1848-க்கு மறுவருடம் பிறந்தவர். இங்கே சர்சி சிம்மாசனத்தில் நிமிர்ந்திருக்கிறாள், ஒரு கையில் உயர்த்திய கோப்பை, மறுகையில் மந்திரக்கோல். பக்கத்தில் பன்றி படுத்துக் கிடக்கிறது. காவியத்தின் நாயகன் ஒடிசியஸ் எங்கே? அவளுக்குப் பின்னாலுள்ள வட்டக் கண்ணாடியில் தெரிகிறான். அப்படியென்றால் கோப்பை நீட்டப்படுவது நமக்குத்தான்.

கண்ணாடித் தந்திரம் கெட்டிக்காரத்தனம், சரி. ஆனாலும் என் ஓட்டு பர்ன்-ஜோன்ஸுக்கே. வாட்டர்ஹவுஸின் சர்சி தன்னை நாம் பார்ப்பதை அறிந்து அமர்ந்திருக்கிறாள். குனிந்திருப்பவளுக்கோ நாம் அங்கே இருப்பதே தெரியாது.