டிக்ரியை வாசலுக்குக் கொண்டு செல்பவர்: அமெரிக்க ஷெரிப், இங்கிலாந்தின் அமலாக்க அதிகாரி, நம் ஊர் அமீனா

இந்தியாவில் வழக்காடுபவரின் கஷ்டம் டிக்ரி, அதாவது நீதிமன்றத்தின் தீர்ப்பாணை, கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது என்று, அன்று இந்தியாவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1872-ஆம் ஆண்டிலேயே குறிப்பிட்டது. நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவு தானாக எதையும் செய்துவிடாது. அதை எடுத்துக்கொண்டு ஒருவர் எதிராளியின் வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் யாருடைய ஆள், அவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது, தவறு நேரப்போகிறது என்று தெரிந்தால் அவரைத் தடுத்து நிறுத்தக்கூடியவர் யார் என்ற மூன்று கேள்விகளை வைத்து, மூன்று நாட்டு ஏற்பாடுகளை இங்கே அருகருகே பார்க்கிறேன்.

ஷெரிப் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. 1726-ஆம் ஆண்டு அரச சாசனத்தின்படி மேயர் நீதிமன்றம் ஏற்பட்டபோதே மதராஸில் அந்தப் பதவியும் வந்தது. நீதிமன்ற உத்தரவுகளை நிறைவேற்றும் பணிக்கென்று பிறந்த அப்பதவி காலப்போக்கில் நகரப் பிரமுகர்களுக்குத் தரப்படும் கௌரவமாக மாறி, 1998-இல் ஒழிக்கப்பட்டது. இங்கிலாந்திலும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே ஒவ்வோர் ஆண்டும் மன்னர் ஒரு தோல்சுருளில் உள்ள பெயருக்கு எதிரே ஊசியால் துளையிட்டு உயர் ஷெரிப்பை நியமிக்கும் சடங்கு இன்றும் நடக்கிறது. ஆனால் ஜப்தி செய்யும் அதிகாரம் 2004-இல் அவர் கையைவிட்டு நழுவி, ஹைகோர்ட் அமலாக்க அதிகாரிகள் எனப்படும் தனியாரிடம் சென்றுவிட்டது.

ஷெரிப் இன்னும் முழு வலிமையோடு இருப்பது அமெரிக்காவில்தான். பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) மக்கள் வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிறையை நடத்துவது, கைதிகளை நீதிமன்றத்துக்கு அழைத்து வருவது, நீதிமன்ற அறையைக் காப்பது, சம்மனை உரியவரிடம் சேர்ப்பது, சொத்தை ஏலம் விடுவது, குடியிருப்பவரை வெளியேற்றுவது என்று நம் ஊரில் நான்கைந்து துறைகள் பகிர்ந்துகொள்ளும் வேலைகளைப் பல கவுண்டிகளில் அவருடைய அலுவலகம் ஒன்றே செய்கிறது. இதன் பலமும் அபாயமும் ஒரே சம்பவத்தில் வெளிப்பட்டன. 2008 அக்டோபரில், வீட்டுக்கடன் நெருக்கடி உச்சத்தில் இருந்த நேரத்தில், சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியின் ஷெரிப் டாம் டார்ட், அடமானக் கடன் மூழ்கிய வீடுகளைக் காலி செய்யும் வேலையைத் தம் ஆட்கள் செய்யமாட்டார்கள் என்று அறிவித்தார். உத்தரவோடு போன உதவி ஷெரிப்புகள் கதவைத் தட்டினால், திறப்பவர் கடன் வாங்கிய உரிமையாளராக இல்லாமல், மாதந்தவறாமல் வாடகை கட்டிவந்த குடித்தனக்காரராக இருந்தார். உரிமையாளர் தவணை கட்டவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. வங்கியாளர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். குடியிருப்பவர் யார் என்று முன்கூட்டியே உறுதிசெய்ய வழி ஏற்பட்ட பிறகுதான் வெளியேற்றங்கள் மீண்டும் தொடங்கின.

டார்ட் கேட்ட கேள்வி நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும், நீதிமன்ற உத்தரவை நிறுத்திவைக்கும் அதிகாரம் தேர்தலைச் சந்திக்கும் ஒருவரிடம் இருப்பது எனக்கு அச்சமூட்டுகிறது. இன்று ஏழைக் குடித்தனக்காரருக்காக நிற்கும் அதே அதிகாரம், நாளை உள்ளூரில் செல்வாக்குள்ள கடனாளிக்காகவும் நிற்கலாம்.

இங்கிலாந்தில் கடன் கொடுத்தவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. பாக்கி 600 பவுண்டுக்குக் குறைந்தால் நீதிமன்றச் சம்பளம் வாங்கும் ஜப்தி அலுவலரான கவுண்டி பெயிலிப். 5,000 பவுண்டைத் தாண்டினால் ஹைகோர்ட் அமலாக்க அதிகாரி. இடைப்பட்ட தொகைக்குப் பொதுவாகக் கடன் கொடுத்தவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வசூலானால்தான் முழு வருமானம் என்பதால் தனியார் அதிகாரி வேகமாக வருகிறார். அந்த வேகத்துக்கான விலையைக் கடனாளி கொடுக்கிறார். 2014-இல் வகுக்கப்பட்ட கட்டண விகிதப்படி, 2,000 பவுண்டு பாக்கிக்கு அறிவிப்பு நிலையில் 75, நேரில் வந்ததும் 190, ஆயிரத்துக்கு மேற்பட்ட தொகையில் ஏழரை சதவீதமாக 75, உடன்பாடு ஏற்படாவிட்டால் மேலும் 495 என்று, ஒரு பொருளைக்கூட விற்பதற்கு முன்பே 835 பவுண்டு கூடிவிடுகிறது. ஏற்கெனவே கட்ட முடியாதவரிடம் இப்படி ஏற்றிக்கொண்டே போகும் முறையை, அது எவ்வளவு விரைவானதாக இருந்தாலும், என்னால் ஏற்க முடியவில்லை.

நம் அமீனா இந்த இருவரிலிருந்தும் வேறுபட்டவர். அவர் நீதிமன்ற ஊழியர். வாக்குக்கும் வசூலுக்கும் கட்டுப்படாதவர். டிக்ரி பெற்றவர் பேட்டா (பயணச் செலவுப்படி) கட்டியதும் வாரண்டோடு புறப்படுகிறார். அவர் கையைக் கட்டும் சட்டமும் மனிதத்தன்மை உள்ளது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவுப்படி சமையல் பாத்திரம், படுக்கை, தேவையான உடுப்பு, மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை, கைவினைஞரின் கருவி, உழவரின் ஏர், மாடு, விதைநெல் ஆகியவற்றில் அவர் கைவைக்க முடியாது. 62-ஆம் பிரிவுப்படி, பொருளை ஜப்தி செய்யச் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் வீட்டுக்குள் நுழையக்கூடாது. இங்கிலாந்திலோ இரவு ஒன்பது மணிவரை வரலாம். கதவு விஷயத்தில் மட்டும் நம் சட்டம் கடுமையானது. தனியார் வழக்குக்காக ஷெரிப் வீட்டின் வெளிக்கதவை உடைக்கக்கூடாது என்று இங்கிலாந்தில் 1604-இலேயே தீர்ப்பானது. இங்கே கடனாளி தான் குடியிருக்கும் வீட்டுக்குள் விட மறுத்தால் உடைக்கலாம்.

அமீனா முறையின் குறை தாமதம். வாசலில் பூட்டுத் தொங்கினால் அவர் “கதவு பூட்டியிருந்தது” என்று எழுதி வாரண்டைத் திருப்புகிறார். பூட்டை உடைக்க அனுமதி கேட்டு ஒரு மனு, போலீஸ் பாதுகாப்புக் கேட்டு இன்னொரு மனு, அதற்குள் மூன்றாம் நபரின் ஆட்சேபணை என்று வருடங்கள் ஓடுகின்றன. டிக்ரியை நிறைவேற்றக் கோரும் மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட வேண்டிய நிலை வந்தது இதனால்தான்.

இருந்தும் நான் அமீனா பக்கமே நிற்கிறேன், ஏனென்றால் வாசலில் கண்டதை அவர் சொல்ல வேண்டிய இடம் நீதிபதியின் மேசை ஒன்றுதான். அந்த அறிக்கை ஒற்றை வரியோடு முடியக்கூடாது. வீட்டில் இருப்பவர் யார், எந்த உரிமையில் இருக்கிறார், வாடகைச் சீட்டு வைத்திருக்கிறாரா, வழக்கைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்று முதல் முறை போகும்போதே கேட்டு எழுதும் கடமையை விதியிலேயே சேர்க்க வேண்டும். குக் கவுண்டியில் ஷெரிப் வேலையை நிறுத்தித்தான் எழுப்ப முடிந்த கேள்விக்கு, இங்கே அமீனாவின் அறிக்கையைப் படித்துவிட்டு நீதிபதியே மறு வாய்தாவில் பதில் சொல்லிவிடலாம்.