64,500 ரூபா போச்சு: கண்காட்சிக்குப் படம் அடிக்கக் குடுக்கிற ஆக்கள் கவனம்

கோபத்திலதான் எழுதுறன். எழுத்துப்பிழை இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ. 64,500 ரூபா. ஒரு பில் துண்டுகூட வாங்காமல் நானே எண்ணிக் குடுத்த காசு.

போன சனி, ஞாயிறு கிளிநொச்சியில ஒரு சின்னக் காட்சிக்கூடத்தில என்ர படங்கள் வைக்கிறதெண்டு ஏற்பாடு. வன்னியில ஓடின, ஓடுற வண்டி வாகனங்கள்தான் விசயம். 1990இல நிண்ட ரயில் 2013 செப்ரெம்பரில கிளிநொச்சிக்குத் திரும்ப வந்த நேரம் ஸ்ரேசனில சனத்துக்குள்ள நசிஞ்சு நிண்டு எடுத்ததில துவங்கி, நெல்லு மூட்டையோட போற லான்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசின், விறகு கட்டின சைக்கிள், முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில தேங்காய் உடைக்க நிக்கிற பஸ் எண்டு 20 படம். 21ஆவது என்ரயில்லை. அதுக்குப் பிறகு வாறன்.

கடையின்ர பேர் சொல்லேல்ல. கலியாண அல்பம், பிளெக்ஸ், பிறேம் எல்லாம் செய்யிற, முகப்புத்தகத்தில பளபளவெண்டு விளம்பரம் போடுற வகைக் கடை. பென்ட்ரைவைக் குடுத்தன். கொம்பியூட்டரில ஒவ்வொரு படமாத் தட்டிக்கொண்டு வந்த கடைக்காரர் பழைய ஒஸ்ரின் காரில நிண்டிட்டார்.

“இது ஏ-40 தானே அண்ணை? எங்கட அப்பாவும் உதுதான் வச்சிருந்தவர். பொருளாதாரத் தடை நேரம் ஒரு மூடி பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள ஊத்தி ஸ்ரார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்துவார். அந்தப் புகைக்குள்ள இருமி இருமித்தான் நான் பள்ளிக்கூடம் போனனான்.”

அவ்வளவுதான், விழுந்திட்டன். அந்தப் புகை மணம் தெரிஞ்சவன் எங்கட ஆள்தானே? 16க்கு 24 அங்குலம், மட் எண்ட மினுங்காத கடதாசி, தேக்கம் பிறேம், ஒண்டு 3,000 எண்டார். 21க்கும் 63,000. பழைய படம் ஒண்டை ஸ்கான் பண்ணித் துப்பரவாக்க 1,500. “முழுக்காசும் தந்தீங்கள் எண்டால் இண்டைக்கே கடதாசி எடுக்கலாம் அண்ணை, விலை ஏறப்போகுது.” பில் கேட்டன். பில் புத்தகம் முடிஞ்சுதாம், வாட்ஸ்அப்பில போடுறாராம். தேத்தண்ணியும் வாங்கித் தந்தார், சொல்லவேணும்.

அந்தப் பழைய படம் பக்கத்து வளவு மாமியின்ர. சீரீபி எண்ட அரசாங்க பஸ்ஸுக்கு முன்னால அவவின்ர மனுசன், சாரதி உடுப்போட. உள்ளங்கை அளவு கறுப்பு வெள்ளைப் படம். 2009இல வீடு, மாடு, நகை எல்லாத்தையும் விட்டிட்டு முள்ளிவாய்க்கால் வரைக்கும் போனவா, இதை மட்டும் பொலித்தீன் பையில சுத்திச் சட்டைக்குள்ள வச்சுக் கொண்டு வந்தவா. என்னை நம்பித் தந்தவா. நான் அவரை நம்பிக் குடுத்திட்டு வந்தன். “பின்னேரமே வந்து எடுங்கோ” எண்டார். பின்னேரம் போனால் ஸ்கானர் வேலை செய்யேல்லையாம்.

புதன்கிழமை மெசின் பழுது. வியாழன் கரண்ட் இல்லை. வெள்ளி, “பஸ்ஸில போட்டாச்சு அண்ணை, கொண்டக்ரரிட்டக் குடுத்தது.” எந்த பஸ்? “நீலப் பஸ்.” A9 வீதியில நீலப் பஸ்ஸுக்கா பஞ்சம்? மூண்டு மணித்தியாலம் வெயிலில நிண்டு வந்த நீலப் பஸ் ஒண்டொண்டா மறிச்சன். கொண்டக்ரர்மார் என்னைப் பாத்த பார்வை இருக்கே.

பார்சல் சனிக்கிழமை காலமை வந்திச்சு. மண்டபத்திலதான் பிரிச்சன். 21க்கு 9 படம். 24 அங்குலப் படத்தை 20 அங்குலப் பிறேமுக்குள்ள அடைக்க நாலு அங்குலத்தை வெட்டிப்போட்டாங்கள். ஏ-40க்கு மூக்கும் இல்லை, லைற்றும் இல்லை. விறகுச் சைக்கிளுக்கு முன் சில்லைக் காணேல்ல. ஆக்களின்ர முகமெல்லாம் கட்டம் கட்டமா உடைஞ்சு கிடக்குது. பென்ட்ரைவில இருந்ததை அடிக்கேல்ல, “மாதிரி பாக்க” எண்டு வாட்ஸ்அப்பில கேட்டு வாங்கினதைத்தான் அடிச்சிருக்கினம். வாட்ஸ்அப்பில சும்மா அனுப்பினால் நீளப் பக்கம் 1,600 புள்ளி (பிக்சல்) அளவுக்குச் சுருங்கியிடும். அதை 24 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 67 புள்ளிகூட வராது. 300 வேணும், 150 எண்டாலும் சமாளிக்கலாம். தேக்கம் எண்ட பிறேமின்ர மூலையை நகத்தால கிளப்பினன், மரக்கோடு போட்ட ஸ்ரிக்கர் உரிஞ்சு கையோட வந்திச்சு. உள்ளுக்குப் பிளாஸ்ரிக்.

சுவரில 12 ஆணி வெறுமனே நிண்டுது. பத்து மணிபோல மாமி தோய்ஞ்சு, நல்ல சீலை உடுத்து வந்தா. ஒரு சுத்துச் சுத்திப் பாத்திட்டு, “என்ர மனுசன் எங்க தம்பி?” எண்டா.

பிறகு கோல் எடுத்தால் டிசைனர் லீவு. முதலாளி கொழும்பில. அதுக்குப் பிறகு, “நீங்கள் தந்த படமே அப்பிடித்தான்.” மாமியின்ர படம்? “இஞ்சதான் எங்கயாவது கிடக்கும், தேடிப் பாப்பம்.” எங்கயாவது! விளம்பரத்துக்குக் கீழ போய் 64,500 ரூபா வாங்கினதை எழுதினன். அஞ்சு நிமிசத்தில அழிச்சு என்னையும் புளொக் பண்ணியாச்சு.

என்னென்ன கவனிக்கவேணும் எண்டு விளக்கமா எழுதத்தான் நினைச்சன். இப்ப அதுக்குப் பொறுமை இல்லை. முழுக்காசு குடுக்காதேங்கோ. ஒரு படம் அடிச்சுக் காட்டச் சொல்லிப் பாத்திட்டு மிச்சத்தைக் குடுங்கோ. பில் கேட்டால் தரவேணும், 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கப் பாவனையாளர் சட்டத்தில இருக்கு. புத்தகம் முடிஞ்சுது எண்டால் எழும்பி வாங்கோ. முறைப்பாட்டுக்கு 1977 எண்ட நம்பருக்குக் கோல் எடுங்கோ. பழைய படத்தைக் கடையில விட்டிட்டு வராதேங்கோ, பக்கத்தில நிண்டு ஸ்கான் பண்ணிக் கையோட கொண்டு வாங்கோ.

மிச்சம் பிறகு. 64,500 வருதோ இல்லையோ, இப்ப அந்தக் கடைக்குத்தான் பஸ் ஏறப்போறன். வேண்டாம் எண்டு சொல்லியும் கேக்காமல் மாமி செருப்பைப் போட்டுக்கொண்டு படலையில நிக்கிறா.