ஜப்பானிய வினைச்சொல்: சில வருஷப் புழக்கத்துக்குப் பின் இரண்டரை நட்சத்திரம்

ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் தேர்வில் தொடக்க நிலையான என்5 வகுப்புக்கு ஒரு பயிற்சி மையம் ஆடித் தள்ளுபடி போட்டிருக்கிறது. ஜவுளிக்கடைதான் போடும் என்று நினைத்திருந்தேன். ஆபீஸில் இருக்கிற தம்பி ஒருவன் அந்த விளம்பரத்தை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு, "அண்ணே, வெர்ப் ஃபார்ம்லதான் எல்லாரும் கழண்டு போயிடுறாங்களாமே, நெசமா?" என்று கேட்டான். பதில் நீண்டுவிட்டது. ஹிரகானா (அடிப்படை எழுத்து) படிப்பேன், மஸ் (மரியாதை விகுதி) போட்டு நாலு வாக்கியம் பேசுவேன் என்கிற அளவில் இருப்பவர்களுக்கு இது உதவும். ஜப்பானிய ஒலிகள் தமிழ் எழுத்தில் கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நியாயத்தைப் பேசிவிடுவோம். தொடக்க நிலையில் அடங்காத வினைகள் என்று பார்த்தால் சுரு (செய்), குரு (வா) என இரண்டே இரண்டு. இக்கு (போ) என்பது தே வடிவத்தில் (நம் 'போய்', 'வந்து' மாதிரி எச்சம்) மட்டும் இத்தே என்று முரண்டு பிடிக்கும். அரு (இரு) என்பதன் எதிர்மறை வெறும் நை. அவ்வளவுதான். நான், நீ, அவள், அவர்கள் என யார் போனாலும் இகிமஷ்தா. நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் ஒரே வடிவம். ஏன், ஏள், ஆர் என்று விகுதி மாற்றியே பழகிய நமக்கு இது ஓசியில் கிடைத்த விடுமுறை.

விடுமுறைக்கும் விலை உண்டு. நாம் எழுவாயை விழுங்கினாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பானியர்கள் எழுவாயையும் விழுங்குவார்கள், விகுதியும் கிடையாது. 'ஒகுரிமஷ்தா' (அனுப்பியாயிற்று) என்று மொட்டையாக ஒரு மெயில் வந்தால், அனுப்பியது அவரா, அவருடைய கிடங்கா, கூரியர்காரரா என்று மேலே உள்ள பத்து மெயிலைப் புரட்ட வேண்டும்.

எல்லோரும் பயமுறுத்துகிற தே வடிவத்துக்கு வருகிறேன். மட்ஸு (காத்திரு) மத்தே ஆகும். யொமு (படி) யொந்தே ஆகும். ககு (எழுது) கைதே ஆகும், ஹனசு (பேசு) ஹனஷிதே ஆகும். கடைசி எழுத்தைப் பொறுத்து மாறுகிற இந்த விதிகளைச் சில வகுப்புகளில் பாட்டாகவே பாட வைப்பார்கள். நு என்று முடிகிற வினை இன்றைய மொழியில் ஷினு (சா) ஒன்றுதான். அந்த ஒன்றுக்காகவும் பாட்டில் இடம் உண்டு. இதெல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்த சதி இல்லை. பழைய மொழியில் ககிதே, யொமிதே என்று ஒழுங்காக இருந்தவை ஹெயான் காலத்திலிருந்து (சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்பு) வாய்க்குச் சுலபமாகத் தேய்ந்து வந்திருக்கின்றன.

இதில் தமிழ் பேசுகிறவர் புலம்புவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நில் என்றால் நின்று, கல் என்றால் கற்று, கேள் என்றால் கேட்டு. விழு விழுந்து ஆகிறது, அழு மட்டும் அழுது. இதைப் பள்ளிக்கூடம் போகும் முன்பே சரியாகச் சொன்ன வாய்க்கு மத்தேயும் யொந்தேயும் ஒரு பொருட்டா? அதைவிட, தே வந்த பிறகு கிடைக்கிற சுகம் இருக்கிறதே! சாப்பிட்டுப் பார் என்பது தபெதே மிரு. வாங்கி வை என்பது கத்தே ஒகு. மறந்துவிட்டேன் என்பது வசுரெதே ஷிமத்தா. எச்சத்தைப் போட்டு, பின்னால் பார், வை, விடு என்று துணைவினை ஒட்டுகிற அதே வேலைதான். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனி இலக்கணமாக மனப்பாடம் செய்யும்போது நாம் சும்மா கடந்து போகலாம். இதைச் சொன்னதும் யாராவது ஜப்பானிய மொழியியலாளர் ஓனோ சுசுமுவை இழுத்து வந்து, ஜப்பானிய மொழியே தமிழிலிருந்து வந்தது என்பார்கள். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஒற்றுமையை அனுபவிக்க உறவுமுறை தேவையில்லை, விடுங்கள்.

எனக்கு இன்றுவரை எரிச்சல் தீராத இடம் வேறு. அது குழு.

வினைகளில் முதல் குழு, இரண்டாம் குழு என்று உண்டு. முதல் குழுவில் கடைசி எழுத்து உயிர் மாறிக்கொண்டே போகும்: ககு, ககிமஸ், ககனை. இரண்டாம் குழுவில் ருவை வெட்டிவிட்டு ஒட்ட வேண்டியதுதான்: தபெரு, தபெமஸ், தபெனை. எந்தக் குழு என்று தெரிந்தால்தான் மற்ற எல்லாம். அது தெரியாவிட்டால் தே பாட்டை எத்தனை முறை பாடியும் பிரயோஜனமில்லை.

புழக்கத்தில் உள்ள பல பாடநூல்கள் மரியாதை முதலில் என்று மஸ் வடிவத்தில் தொடங்குகின்றன. ககு, தபெரு மாதிரி அகராதியில் இருக்கிற வடிவம், அதாவது அகராதி வடிவம், பாடங்கள் பல கடந்த பிறகே தலை காட்டும். மஸ்ஸுக்கு முன்னால் எகர ஒலி இருந்தால் கவலையில்லை, இரண்டாம் குழு. இகரம் இருந்தால்தான் வம்பு. அசொபிமஸ் (விளையாடு), அபிமஸ் (குளி) இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி. ஆனால் முதலாவது அசொந்தே, இரண்டாவது அபிதே. ஒகிமஸ் (எழுந்திரு), மிமஸ் (பார்), கரிமஸ் (கடன் வாங்கு), ஒரிமஸ் (இறங்கு) எல்லாம் இப்படி வேஷம் போட்டு நிற்கிற இரண்டாம் குழு ஆட்கள்.

சரி, அகராதி வடிவத்தில் தொடங்குகிற புத்தகம் வாங்கலாம் என்றால், அங்கே வேறு கூட்டம் காத்திருக்கிறது. ஹைரு (நுழை), ஹஷிரு (ஓடு), ஷிரு (அறி), ஷபெரு (அரட்டையடி): -இரு, -எரு என்று முடிவதால் எல்லாம் இரண்டாம் குழு முகம், முதல் குழு நடத்தை. இன்னும் மோசம், கிரு. வெட்டு என்றால் கித்தே, உடுத்து என்றால் கிதே. வா என்கிற குருவும் கிதே ஆகி வந்து உட்காரும். கயெரு என்றால் வீடு திரும்பு, கயெத்தே. அதே கயெரு மாற்று என்றால் கயெதே.

இதற்கு மருந்து கண்முன்னே இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். இரண்டு வடிவத்தையும் ஜோடியாக வைத்தால் குழு தானாக வெளியே வந்துவிடும். கயெரு, கயெரிமஸ்: ரு, ரி ஆகியிருக்கிறது, முதல் குழு. கயெரு, கயெமஸ்: ரு காணாமல் போயிருக்கிறது, இரண்டாம் குழு. அசொபு, அசொபிமஸ். அபிரு, அபிமஸ். பட்டியலும் வேண்டாம், விதிவிலக்கும் வேண்டாம். சொல்லட்டவணையில் ஒரு பத்தி கூடுதலாக அச்சடித்தால் தீர்ந்தது. அதை முதல் பாடத்திலேயே செய்தால் மாணவன் மிரண்டுவிடுவான் என்கிறார்கள். ஜோடி பார்த்து யாரும் மிரளுவதில்லை. பாதி வருஷம் படித்த பிறகு, படித்த வினையெல்லாவற்றுக்கும் இன்னொரு முகம் இருக்கிறது என்று சொன்னால்தான் மிரளுவார்கள்.

இயலும் என்கிற வடிவம் தனிக் கதை. தபெரரெரு என்றால் சாப்பிட முடியும், சாப்பிடப்படும், பெரியவர் சாப்பிடுகிறார் என மூன்று வேலை. ஜப்பானியர்களே பேச்சில் ஒரு ரவைக் கழற்றிவிட்டு தபெரெரு என்கிறார்கள். புத்தகம் அது தப்பு என்கிறது. ஊர் கேட்பதாக இல்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் இந்தச் சாமானுக்கு நாலரை நட்சத்திரம் வர வேண்டும். இவ்வளவு கச்சிதமான வினை அமைப்பைக் குறை சொல்ல மனசு வராது. இரண்டரைதான் கொடுக்கிறேன். நேற்றுகூடப் புதிதாக ஒரு -இரு வினையைப் பார்த்துவிட்டு, தே போடும் முன் அகராதியைத் திறக்க வேண்டியிருந்தது. அந்தக் கோபம் ஆறவில்லை.

தம்பி, தள்ளுபடிக்காகச் சேராதே. அங்கே போய், சொல்லட்டவணையைக் காட்டச் சொல். மஸ் பக்கத்தில் அகராதி வடிவமும் இருந்தால் முழுக் கட்டணம் கேட்டாலும் கட்டு. இல்லையென்றால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் நாளிலிருந்தே நீயே ஜோடி எழுதிக்கொள். டிசம்பர் ஜேஎல்பிடிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.