இ-ரீடர்ல திகில் கதை படிக்கிறவனோட புலம்பல்

இ-ரீடர், அதான் புக்கு படிக்கிறதுக்குன்னே வர்ற மெஷின், விலை கொறஞ்சிருக்கு, வாங்கலாமான்னு காவேரிப்பட்டணத்துல இருந்து மாப்ள ஒருத்தன் கேட்டான். ஸ்க்ரீன் சைஸு, ஸ்டோரேஜெல்லாம் ஊருக்கே தெரிஞ்ச கதை, அத விட்டுடுறேன். நான் இதுல படிக்கிறது முக்காவாசி க்ரைம், பேய், சைக்கோ கொலைகாரன் வகையறாதான், அந்த மாதிரி படிக்கிற ஆளுங்களுக்குத்தான் இந்தப் புலம்பல். சமையல் குறிப்பு, சுயசரிதை படிக்கிறவங்க கண்ண மூடிட்டு வாங்கலாம்.

கீழ மூலைல புக்ல எவ்ளோ படிச்சாச்சுன்னு ஒரு பர்சன்டேஜ் ஓடுது பாருங்க, அதுதான் எனக்கு எதிரி. ராத்திரி ஷிப்ட்டுக்கு ஓசூர் போற கம்பெனி பஸ், கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டுனதும் லைட்ட அணைச்சிடுவாங்க, எல்லாரும் தூங்கிடுவாங்க, நான் மட்டும் படிச்சிட்டிருப்பேன். இன்ஸ்பெக்டர் டாக்டர் கையில விலங்கு மாட்டுறாரு, டாக்டரும் அழுதுகிட்டே நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிறாரு, கீழ பாத்தா 61%. போச்சா? டாக்டர் பாவம் நிரபராதி, மிச்சம் 39%க்கு வேற ஒருத்தன் வந்தாகணும். எழுத்தாளர் மண்டைய ஒடச்சிக்கிட்டு போட்ட முடிச்ச ரெண்டு நம்பர் அவுத்து வுட்டுடுது.

இன்னொரு கொடுமை, 91%ல ஒரு பொண்ணு பாழடஞ்ச வீட்டு மாடிப்படி ஏறுறா, கதவு தானா தொறக்குது, சரி இன்னும் 9% இருக்கே ஒரு ஆட்டம் இருக்குடான்னு பக்கத்த தள்ளுனா முற்றும். மிச்சமெல்லாம் அதே ஆளோட அடுத்த நாவல்ல இருந்து ரெண்டு சாப்டர், விளம்பரத்துக்கு.

புக்லயும் எவ்ளோ மிச்சம்னு கைக்கு தெரியுமேன்னு கேப்பீங்க. தெரியும், குத்துமதிப்பா. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா மாச நாவலெல்லாம் படிச்சவங்களுக்கு தெரியும், பின்னாடி வாசகர் கடிதம் விளம்பரம்னு என்னென்னமோ இருக்கும், கதை எங்க நிக்கும்னு சொல்லவே முடியாது. வாரப் பத்திரிகைல இந்திரா சௌந்தர்ராஜன் தொடரும் போட்டாருன்னா அடுத்த வாரம் வரைக்கும் மண்டை காய வேண்டியதா இருந்துச்சு. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கே 1996ல தி கிரீன் மைல் நாவல மாசம் ஒன்னுன்னு 6 சின்ன புக்கா விட்டாரு, யாரும் கடைசிப் பக்கத்த முன்னாடியே பொரட்ட முடியாதுல்ல, அதுல அவருக்கு ஒரு குஷி. அதே மனுசன் 2009ல அமேசான் இ-ரீடரான கிண்டிலுக்குன்னே யுஆர்னு ஒரு குறுநாவல் எழுதுனாரு, அதுல ஒரு வாத்தியாருக்கு வர்ற பிங்க் கலர் கிண்டில்ல வேற உலகத்துல எழுதுன புக்கெல்லாம் வரும். அவ்ளோ யோசிச்சவரு இந்த பர்சன்டேஜுக்கும் ஒரு வழி பண்ணிருக்கலாம்.

மறைக்கலாம்தான். மூலைல ஒரு தட்டு தட்டுனா போயிடும், ஆனா சூளகிரி பக்கம் பஸ் போடுற ஆட்டத்துல வெரலு பட்டு திரும்ப வந்து நிக்கும், சில சமயம் இந்த அத்தியாயம் முடிய 3 நிமிஷம்னு வேற காட்டும். கொலைகாரன் கதவுக்கு வெளிய நிக்கிறான், 3 நிமிஷத்துல என்னத்த வெட்டிடப் போறான்.

நல்லதும் இருக்கு, இல்லன்னு சொன்னா வாய் அழுகிடும். இருட்டுல பக்கத்து சீட்டுக்காரர் தூக்கம் கெடாது, கிங் இங்கிலீஷ்ல புரியாத வார்த்தைய அமுக்கினா அர்த்தம் வரும். எல்லாத்தவிட எனக்கு புடிச்சது மத்தவங்க குறைன்னு சொல்ற ஒன்னு: பக்கம் மாத்துனாலும் சில நேரம் முந்துன பக்கத்து எழுத்து லேசா நிழலாட்டம் பின்னாடியே நிக்கும். செத்துப்போனவ பேரு புதுப் பக்கத்து வரிக்கு நடுவுல சாம்பக் கலர்ல தெரியுது, திடீர்னு ஸ்க்ரீன் மொத்தமா ஒரு தடவ கறுத்து வெளுக்குது, பேரு காணோம். ராத்திரி ஒரு மணிக்கு பஸ்ல இத பாத்தவனுக்குத்தான் தெரியும், எந்த அச்சுப் புக்கும் என்ன இப்படி பயமுறுத்துனதில்ல.

ஆனாலும் மாப்ள, வாங்காத. எவ்ளோ கொறச்சாலும் வாங்காத, இருக்கிற கடுப்புலதான் சொல்றேன், அடுத்த வாரம் கேட்டா வேற சொல்வேனோ என்னமோ. நேத்து ஹீரோவ கெணத்துல தள்ளி மூடிட்டானுங்க, ஊரே அழுவுது, 74%ன்னு பாத்துட்டு கொட்டாவி வுட்டேன்.