டெவ் டூல் பாதுகாப்பு அப்டேட்: பாட் மெர்ஜ் செய்யலாமா, நாம் செய்வதா?

கோத்தகிரியில் மூன்று பேர் சேர்ந்து தேயிலை ஆலைகளுக்குப் பச்சை இலை எடைக் கணக்குச் செயலி எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விவசாயியின் போனுக்குப் போகும் பேக்கேஜ்கள் (பிறர் எழுதி நாம் எடுத்தாளும் கோடு) கொஞ்சம்தான். கோடைச் சரிபார்க்கும் இஎஸ்லின்ட், பில்ட் கருவியான வீட், டெஸ்ட் கருவிகள் என்று டெவ் டிபென்டன்சி (செயலியை எழுதும்போது மட்டும் தேவைப்படுபவை) வழியே வந்து இறங்குவதோ நூற்றுக்கணக்கில். பாதுகாப்பு எச்சரிக்கைகளும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். இவற்றைக் கையாள மூன்று வழி உண்டு: பாட் (தானியங்கி நிரல்) தானே அப்டேட்டை நம் கோடில் மெர்ஜ் செய்வது, பாட் புல் ரிக்வெஸ்ட் (சேர்க்கலாமா என்று கேட்கும் கோரிக்கை) மட்டும் போடுவது, மாதம் ஒருமுறை நாமே உட்கார்ந்து பார்ப்பது.

பலர் இங்கே இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். செக்யூரிட்டி அப்டேட் வேறு, வெர்ஷன் அப்டேட் வேறு. கிட்ஹப்பின் பாட்டான டிபென்டபாட்டின் செக்யூரிட்டி அப்டேட், அறிவிக்கப்பட்ட ஓட்டை இருந்தால்தான் எழும்; அதுவும் அந்த ஓட்டை அடைபடும் குறைந்தபட்சப் பதிப்புக்குத்தான் நகர்த்தும். வெர்ஷன் அப்டேட்டோ புதிதாக வெளிவந்த எதையும் இழுத்து வரும். 2025 செப்டம்பர் 8 அன்று என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் களஞ்சியத்தில் சாக், டீபக் முதலிய பேக்கேஜ்களில் நச்சுப் பதிப்புகள் ஏறின. சுமார் 2 மணி நேரத்தில் நீக்கினார்கள். அந்த நேரத்துக்குள் லாக் கோப்பு (பதிப்புகளைப் பூட்டி வைக்கும் பட்டியல்) இல்லாமல் இன்ஸ்டால் செய்தவர்களும், புதிய வெர்ஷனைச் சுடச்சுட இழுத்தவர்களும்தான் மாட்டியிருப்பார்கள். செக்யூரிட்டி அப்டேட்டை அணைத்து வைப்பதால் இதைத் தடுக்க முடியாது. தடுப்பது இரண்டு: சிஐயில் (பில்ட்டும் டெஸ்ட்டும் தானாக ஓடும் இடம்) என்பிஎம் இன்ஸ்டாலுக்குப் பதில் லாக் கோப்பில் உள்ளதை மட்டும் ஏற்றும் என்பிஎம் சிஐ கட்டளை, வெர்ஷன் அப்டேட்டுக்கு 7 நாள் காத்திருப்பு. டிபென்டபாட்டில் இதன் பெயர் கூல்டவுன், இன்னொரு பாட்டான ரெனவேட்டில் மினிமம் ரிலீஸ் ஏஜ். இரண்டிலும் இந்தக் காத்திருப்பு செக்யூரிட்டி அப்டேட்டைத் தாமதப்படுத்தாது.

அப்படியானால் செக்யூரிட்டி அப்டேட்டையாவது பாட் தானே மெர்ஜ் செய்யலாமே? டெஸ்ட் பச்சையாக இருந்தால் போதாதா? டெவ் டூல் விஷயத்தில் போதாது. டெஸ்ட் ஓடுவது பெரும்பாலும் சோர்ஸ் கோடின் மேல். பில்ட் கருவி மாறினால் கெடுவது பண்டில், அதாவது பில்ட் முடிந்து வெளியே போகும் கோப்பு. எஸ்பில்ட் என்ற பில்ட் கருவி போல 0.24, 0.25 என்று போகும் பேக்கேஜ்களில் நடு எண் மாறினாலே பழையது உடையலாம். டிபென்டபாட்டின் புல் ரிக்வெஸ்டில் சிஐ ஓடும்போது வழக்கமான சீக்ரெட்கள் (கடவுச்சொல், சாவி போன்றவை) அதற்குக் கிடைக்காது. மெர்ஜ் ஆன மறுநிமிடம் மெயின் பிராஞ்சில் எல்லாச் சீக்ரெட்டும் திறந்திருக்கும், டெப்லாயும் (பயனர்களுக்கு வெளியிடுவது) நடந்துவிடலாம். ராத்திரி மெர்ஜ் ஆகி, காலையில் இலை எடை போடும்போது ரசீது வராமல் போனால், ஐப்பசி மழையில் ஃபைபர் அறுந்து கிடக்கும் குன்னூர்ப் பக்கத்திலிருந்து யார் பழைய பதிப்புக்கு ரோல்பேக் செய்வது?

மாதாந்திர வழி காகிதத்தில் அழகு. இலை வரத்து உச்சத்தில் இருக்கும் மாதங்களில் அதை யாரும் தொடமாட்டார்கள், அவ்வளவுதான்.

பாட் புல் ரிக்வெஸ்ட் போட, நாம் பார்த்து மெர்ஜ் செய்யும் நடு வழிதான் சரி என்போம். ஆனால் அதிலும் ஒவ்வொன்றையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. 0.24.2 வரையிலான எஸ்பில்டில், அதன் டெவ் சர்வர் (நம் மெஷினில் ஓடும் சோதனைச் சர்வர்) ஓடும்போது பிரவுசரில் திறந்திருக்கும் எந்தத் தளமும் அந்தச் சர்வரின் பதிலைப் படிக்க முடிந்தது, 0.25.0இல் சரிசெய்தார்கள். எஸ்பில்ட் உள்ளே இருப்பதால் வீட் பயனர்களுக்கும் இந்த எச்சரிக்கை போனது. ஆனால் வீட் எஸ்பில்டின் சர்வரைப் பயன்படுத்துவதே இல்லை. வீட் 5 எஸ்பில்டின் 0.21 வரிசையில் கட்டுண்டிருப்பதால் பாட்டால் அதை நகர்த்தவும் முடியாது. ஓவர்ரைட்ஸ் அமைப்பைப் போட்டுப் பதிப்பை வலிந்து ஏற்றுவதைவிட, காரணம் குறித்துவிட்டு எச்சரிக்கையை மூடுவதே மேல்.

இதற்கு நேரெதிர் வீட் கருவியின் சொந்த ஓட்டையான சிவிஇ-2025-30208 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்). டெவ் சர்வரை ஹோஸ்ட் ஆப்ஷனோடு நெட்வொர்க்குக்குத் திறந்திருந்தால், அதே நெட்வொர்க்கில் இருப்பவர் உங்கள் மெஷினின் கோப்புகளைப் படிக்கலாம். போனில் சோதிக்கத்தானே பலரும் ஹோஸ்ட் போடுகிறோம்? ஊட்டியில் ஒரு ஹோம்ஸ்டே வைஃபையில் உட்கார்ந்து அப்படிச் செய்தால், பக்கத்து அறைக்கு ரகசியச் சாவிகள் இருக்கும் உங்கள் என்வ் கோப்பைத் திறந்து வைத்த மாதிரி. திருத்தம் 6.2.3, 5.4.15, 4.5.10இல் வந்தது. இத்தகையதை அன்றே மெர்ஜ் செய்ய வேண்டும்.

அமைப்பு இப்படி: டெவலப்மென்ட் வகை டிபென்டன்சிகளின் செக்யூரிட்டி அப்டேட்களை ஒரே குரூப்பாக்குங்கள், பத்து புல் ரிக்வெஸ்ட் வரும் இடத்தில் ஒன்று வரும். டெவ் டிபென்டன்சியில் தாக்கம் குறைந்த எச்சரிக்கைகளைத் தானே மூடும் தயார் விதி கிட்ஹப்பில் இருக்கிறது. பிரைவேட் ரெப்போவில் நாம்தான் இயக்க வேண்டும். டிஃப்பில் (மாறிய வரிகளின் பட்டியல்) முதலில் லாக் கோப்பைப் பாருங்கள்: கேட்காத பேக்கேஜ் கூடவே நகர்ந்திருக்கிறதா, புதிதாக இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் சேர்ந்திருக்கிறதா. 2025 ஆகஸ்டில் என்எக்ஸ் என்ற பில்ட் கருவியின் பேக்கேஜில் டோக்கன்களைத் திருடியது, இன்ஸ்டால் முடிந்ததும் தானே ஓடும் அப்படியொரு போஸ்ட்இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்தான். ஆகவே இன்ஸ்டால் செய்யும்போது ஸ்கிரிப்ட்களைப் பொதுவாக இக்னோர் செய்துவிட்டு, உண்மையிலேயே தேவைப்படும் ஓரிரண்டுக்கு மட்டும் என்பிஎம் ரீபில்ட் கொடுங்கள். பிறகு பில்ட் எடுத்து, பண்டிலைத் திறந்து, ஒரு எடை ரசீதாவது அச்சடித்துப் பார்த்துவிட்டு மெர்ஜ் செய்யுங்கள்.